கல்கியின் மூன்று வரலாற்றுத் தொடர்கள்: காதல் எங்கே நிற்கிறது, எங்கே இழுக்கிறது?

அரிசிலாறு:

பார்த்திபன் கனவு (1941–43), சிவகாமியின் சபதம் (1944–46), பொன்னியின் செல்வன் (1950–54). மூன்றுக்கும் இந்த மன்றத்தில் தனித்தனி விவாத இழைகள் உண்டு. எதை எடுத்தாலும் கடைசியில் பொன்னியின் செல்வனின் ‘நந்தினி நல்லவளா, கெட்டவளா’ என்ற சண்டையில் போய் நிற்கிறது. அதனால் இந்த இழையில் ஒரே கேள்வி: இந்த மூன்றிலும் காதல் எப்படி நடத்தப்பட்டிருக்கிறது, எந்த இடத்தில் தொய்கிறது, ஏன் தொய்கிறது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொய்வாகத் தெரிவதில் பெரும்பங்கு நாவலின் குற்றம் இல்லை, நாம் படிக்கும் வேகத்தின் குற்றம். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. ஏறத்தாழ 185 வாரம். ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம். சராசரி பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். குடந்தை ஜோதிடர் வீட்டில் கதாநாயகன் வந்தியத்தேவனும் சோழ இளவரசி குந்தவையும் பார்த்துக்கொண்டதை, மாதக்கணக்கில் கழித்துப் படிக்கும் வாசகருக்கு மறுபடி எடுத்துச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதையே பத்து நாளில் ஐந்து பாகமும் முடிப்பவர் படித்தால் ‘இதை எத்தனை தடவைதான் சொல்வார்’ என்று தோன்றும்.

முடிச்சுகள் எல்லாம் கீழே உடைபடும். படிக்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

ஓடக்காரப் பொன்னன்:

வாரத்தொடர் என்பதை எல்லாவற்றுக்கும் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. பார்த்திபன் கனவும் பத்திரிகைத் தொடர்தான். அதில் காதல் எவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது பாருங்கள். கைதியாகக் காஞ்சி வீதியில் கொண்டுபோகப்படும் சோழ இளவரசன் விக்கிரமனைப் பல்லவ இளவரசி குந்தவி பார்க்கிறாள். பேச்சில்லை. பிறகு அவன் செண்பகத் தீவுக்குப் போய்விடுகிறான். ஆண்டுகள் கழித்து இரத்தின வியாபாரி வேஷத்தில் திரும்பி வரும்போதுதான் அடுத்த பார்வை. அதற்குள் நடந்ததை ஆசிரியர் ‘வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்’ என்று இழுக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவனைக் குந்தவி பராமரிக்கும் அத்தியாயங்களில்தான் காதல் வளர்கிறது, அதுவும் அவன் யாரென்று அவளுக்குத் தெரியாத நிலையில்.

ஒரே ஒரு தடை வைத்தார்: அவன் தேசப்பிரஷ்டன், திரும்பி வந்தால் மரண தண்டனை. அந்தத் தண்டனையை நிறைவேற்ற வேண்டியவர் அவள் தகப்பனார். காதலுக்கும் அரசியலுக்கும் ஒரே முடிச்சு. பின்னால் எழுதிய இரண்டிலும் முடிச்சு பெருகிவிட்டது, காதல் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

புதுவாசகி:

குறுக்கே ஒரு சந்தேகம். குந்தவி, குந்தவை இரண்டும் ஒரே ஆளா? எந்த வரிசையில் படிக்கணும்னும் சொன்னீங்கன்னா நல்லா இருக்கும். ஒருத்தர் காலவரிசைங்கறார், இன்னொருத்தர் எழுதின வரிசைங்கறார்.

ஓடக்காரப் பொன்னன்:

இரண்டு பேரும் வேறு. குந்தவி பல்லவச் சக்கரவர்த்தி மாமல்ல நரசிம்மவர்மரின் மகள், பார்த்திபன் கனவில் வருபவள், 7-ஆம் நூற்றாண்டு. குந்தவை சுந்தர சோழரின் மகள், ராஜராஜனின் தமக்கை, 10-ஆம் நூற்றாண்டு. நடுவில் முந்நூறு ஆண்டு இடைவெளி. இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குபவர்கள் பல்லவர் கதையில் வந்தியத்தேவனைத் தேடுவார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, சிவகாமியின் சபதத்தில் வரும் இளவரசன் மாமல்லன்தான் பார்த்திபன் கனவின் முதிர்ந்த சக்கரவர்த்தி. கதைக் காலப்படி சிவகாமி முன்னே. ஆனால் பார்த்திபன் கனவின் உயிரே சிவனடியார் யார் என்ற மறைப்புத்தான். சிவகாமியை முதலில் படித்துவிட்டால், மாறுவேஷத்தில் மகன் தந்தைக்குச் சளைத்தவன் அல்ல என்று தெரிந்துபோய், சிவனடியார் வந்த சில அத்தியாயத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவீர்கள். எழுதிய வரிசையே சரி. பார்த்திபன் கனவு சின்னதும்கூட. கல்கியின் நடை உங்களுக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நாற்சந்தி:

இதை நான் ஒப்பமாட்டேன். சிவனடியாரைக் கண்டுபிடிப்பது அப்படியொன்றும் பெரிய புதிர் இல்லை, கவனமாகப் படிப்பவர் எந்த வரிசையில் படித்தாலும் பாதியில் கண்டுபிடிப்பார். ஆனால் எழுதிய வரிசையில் படித்தால் வேறொன்று போய்விடுகிறது. பார்த்திபன் கனவில் மாமல்லர் மகள் வைத்திருக்கும் தகப்பனார், நிம்மதியான மனிதர். அதைப் படித்துவிட்டு சிவகாமிக்குள் போனால், சிவகாமியை அவர் மணக்கப்போவதில்லை என்ற எண்ணம் முதல் பாகத்திலேயே உட்கார்ந்துவிடும். ‘சிதைந்த கனவு’ என்று நான்காம் பாகத்துக்கு அவர் பெயர் வைத்ததே வீண். சிவனடியாரின் முகமூடியைக் காப்பாற்ற சிவகாமியின் முடிவைப் பலிகொடுக்கச் சொல்கிறீர்கள்.

சிவகாமியை முதலில் படியுங்கள். பிறகு பார்த்திபன் கனவை எடுத்தால், குந்தவி காதலுக்கு அந்தச் சக்கரவர்த்தி ஏன் அவ்வளவு இடம் கொடுக்கிறார் என்பதற்கு நாவலுக்கு வெளியிலிருந்தே ஒரு காரணம் கிடைக்கும். தன் காதலை ராஜ்யத்துக்குக் கொடுத்தவர், மகளின் காதலை ராஜ்யத்துக்குக் கொடுக்க மறுக்கிறார். 1941-இல் இந்த எண்ணம் ஆசிரியருக்கு இருந்திருக்கவே வேண்டியதில்லை. வரிசை மாற்றிப் படிப்பவருக்குத் தானாகக் கிடைக்கிறது.

புதுவாசகி:

ஆக ரெண்டு பேரும் ரெண்டு வரிசை. சரி, நானே முடிவு பண்ணிக்கிறேன் 🙂

கடல்புறா ரசிகன்:

காதல் என்று தலைப்பு வைத்துவிட்டுக் கல்கியோடு நிறுத்துவது நியாயமா? தமிழில் சரித்திரக் காதல் கதையை அந்தப் பெயருக்கு உரிய முறையில் எழுதியவர் சாண்டில்யன். கல்கியின் காதலர்கள் மூன்று அடி தள்ளி நின்று சாமர்த்தியமாகப் பேசுவார்கள். அரிசிலாற்றங்கரையில் பஞ்சடைத்த முதலை மேல் வந்தியத்தேவன் வேலை எறிகிறான், பெண்கள் சிரிக்கிறார்கள். அது நகைச்சுவைக் காட்சி. அதற்கப்பால் அவர் போகவே மாட்டார். கடல் புறாவில் இளையபல்லவன் கருணாகரத் தொண்டைமானுக்கு ஒரு பக்கம் காஞ்சனாதேவி, இன்னொரு பக்கம் மஞ்சளழகி. இருவரிடமும் அவன் தடுமாறுவது உடம்போடு கூடிய தடுமாற்றம். படிப்பவருக்கு அது தெரிகிறது.

அரிசிலாறு:

உடம்பு தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். மனம் தெரிகிறதா? சாண்டில்யனின் வர்ணனைப் பத்திகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கதாநாயகி நடந்து வருவாள், நிலவு இருக்கும், கண் தொடங்கி இடை வழியாகப் பாதம் வரை ஒரு பயணம், கதாநாயகன் பெருமூச்சு, அவள் ஒரு சொல் சொல்லித் திரும்புவாள், அத்தியாயம் முடியும். பெயரை மாற்றினால் எந்த நாவலுக்கும் பொருந்தும். அவர் பலம் வேறிடத்தில்: படை எங்கே நிற்கிறது, காற்று எந்தப் பக்கம், மரக்கலத்தை எந்தக் கோணத்தில் திருப்பினால் எதிரி சிக்குவான், இதையெல்லாம் வரைபடம் இல்லாமலே கண்முன் நிறுத்துவார். போருக்குள் காதல் குறுக்கிடும் இடங்கள் அவரிடம் நன்றாக இருக்கும். காதலுக்கென்றே ஒதுக்கிய அத்தியாயங்களில்தான் இழுவை.

கடல்புறா ரசிகன்:

அவரும் வாரப் பத்திரிகையில் எழுதியவர்தானே? குமுதத்தில் வந்தது. கல்கியின் நினைவூட்டலுக்கு வாரத்தைக் காரணம் சொன்னீர்கள். சாண்டில்யன் வர்ணனைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாதா?

அரிசிலாறு:

கேள்வி சரி. வித்தியாசம் இதுதான்: நினைவூட்டல் அடுத்த சம்பவத்துக்கு வழி விடும், வர்ணனை அந்த வாரத்தின் பக்கத்தை நிரப்பும். ஒரு வாரத்தில் ஒரு வர்ணனை படிப்பவருக்கு அது விருந்து. நாவலாகப் பைண்டு ஆனபின் பக்கம் பக்கமாக அதுவே வந்தால் திகட்டும். அந்த அளவுக்குச் சாண்டில்யனுக்கும் அதே சலுகை உண்டு, கொடுத்துவிடுகிறேன்.

கல்வெட்டுப் பித்தன்:

காதல் பேசும்போது எது சான்றுள்ளது, எது கற்பனை என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும்.

வந்தியத்தேவன், குந்தவை: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜனின் தமக்கை ஆழ்வார் பராந்தகன் குந்தவையாரை ‘வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்’ என்று குறிக்கிறது. இருவரும் கணவன் மனைவி என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் எப்படிச் சந்தித்தார்கள், காதலித்தார்களா என்பதற்கு எதுவும் இல்லை. ஒற்றை வரியில் ஓர் ஆளின் பெயர் இருக்கிறது, கல்கி அவனை ஐந்து பாகத்துக்குக் கதாநாயகன் ஆக்கினார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது கெட்டிக்காரத் தேர்வு. ராஜராஜனைக் கதாநாயகனாக வைத்திருந்தால் அடுத்து என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது. வந்தியத்தேவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அடிபடலாம், பொய் சொல்லலாம்.

அருள்மொழி (ராஜராஜன்), வானதி: மகன் ராஜேந்திரனின் தாய் வானவன் மாதேவி என்பது கல்வெட்டுச் செய்தி. அவரைக் கொடும்பாளூர்ப் பெண்ணாக்கி, யானையைக் கண்டாலும் இருட்டைக் கண்டாலும் மயங்கி விழும் பூஞ்சையாக்கியது நாவல்.

நந்தினி, பூங்குழலி, மணிமேகலை, ஊமைராணி மந்தாகினி: நால்வரும் கற்பனை. கவனியுங்கள், கைகூடாத காதல் எல்லாம் கற்பனைப் பெண்களுக்கு. சரித்திரப் பெண்களுக்குக் கணவன் யார் என்பது ஏற்கெனவே கல்லில் வெட்டியாயிற்று, ஆசிரியரால் மாற்ற முடியாது. அவர் மனம்விட்டு எழுதியது கையில் சான்று இல்லாதவர்களைத்தான்.

நாற்சந்தி:

கடைசிப் பத்தி அருமை. அதையே சிவகாமிக்கும் போட்டுப் பாருங்கள். நாட்டியப் பெண் சிவகாமியும் அவள் தந்தை சிற்பி ஆயனரும் கற்பனை. மாமல்லர் சரித்திரம். ஆகவே அவள் பட்டத்து ராணி ஆக முடியாது என்பது முதல் அத்தியாயத்துக்கு முன்பே தீர்மானம். ஆனால் கல்கி அந்தத் தடையை வெளியில் வைக்காமல் அவளுக்குள் வைத்தார், அதுதான் அந்த நாவலின் உயரம்.

சளுக்கியத் தலைநகர் வாதாபியில் நடப்பதை வரிசையாகப் பாருங்கள். சிறைப்பட்டவர்களைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற அவள் நாற்சந்தியில் ஆட வேண்டியதாகிறது. அதன்பின் சபதம்: மாமல்லர் வந்து இந்த நகரைச் சுட்டெரித்து என்னை அழைத்துப் போகும்வரை இங்கிருந்து நகரமாட்டேன். பிறகு மாமல்லரே மாறுவேஷத்தில் உயிரைப் பணயம் வைத்து வருகிறார். வா, போகலாம் என்கிறார். அவள் வர மறுக்கிறாள். அந்த மறுப்புதான் காதலைக் கொன்றது. சளுக்கிய அரசன் புலிகேசியோ பிக்ஷு நாகநந்தியோ இல்லை. அதற்குப்பின் போர் ஏற்பாட்டில் ஆண்டுகள் போகின்றன, இடையில் தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக மாமல்லர் பாண்டிய குமாரியை மணக்கிறார். வாதாபி எரியும் நாளில் சபதம் நிறைவேறுகிறது, சபதம் செய்தவளுக்கு அதில் எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ஏகாம்பரநாதர் சந்நிதி.

இதில் எந்த இடம் இழுவை என்று யாராவது காட்டுங்கள்.

பழைய பைண்டு:

காட்டுகிறேன். இரண்டாம் பாகம். காஞ்சி முற்றுகை. மாமல்லரின் தந்தை மகேந்திரர் ஒரு வேஷம், நாகநந்தி ஒரு வேஷம், இவர் அவராக, அவர் இவராக. பல அத்தியாயங்களுக்குச் சிவகாமி ஏறத்தாழக் காணோம். காதல் கதையாகப் படிக்க வருபவர் விட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே வேகம் எடுக்க ஒரு வழி: மகேந்திரரைக் கதாநாயகனாக வைத்துப் படியுங்கள். அந்தப் பாகம் அவருடையது. மகனின் காதலை முறிக்க அவர் செய்யும் ஒவ்வொரு காரியமும் அரசியலில் சரி, மனிதத்தில் தப்பு. அதை மனத்தில் வைத்தால் வேஷங்கள்கூடப் பொருளோடு தெரியும்.

கல்வெட்டுப் பித்தன்:

முற்றுகைக்குச் சான்று இருபக்கமும் உண்டு. ரவிகீர்த்தி பாடிய ஐஹொளே கல்வெட்டு (634) பல்லவ அரசன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்று புலிகேசியைப் புகழ்கிறது. பல்லவர் தரப்பில் கூரம் செப்பேடு, பரியளம், மணிமங்கலம், சூரமாரம் போர்களில் நரசிம்மவர்மர் புலிகேசியின் புறமுதுகில் ‘விஜயம்’ என்ற எழுத்தைப் பொறித்ததாகச் சொல்கிறது. வாதாபி வீழ்ந்தது 642. பாதாமிப் பாறையில் நரசிம்மவர்மரின் கல்வெட்டு உண்டு. பரஞ்சோதி என்ற சிறுத்தொண்டர் வாதாபி போன செய்தியைப் பெரியபுராணம் தருகிறது. நாவலில் மணிமங்கலப் போர் மகேந்திரர் காலத்துக்கு வந்துவிடுகிறது, அவர் அங்கே காயம்படுகிறார். செப்பேட்டில் அந்த வெற்றி மகனுடையது. கதைக்கு மகேந்திரர் படுக்கையில் விழ வேண்டும். கல்கி அதற்காகப் போரை நகர்த்திக்கொண்டார் என்றுதான் நான் படிக்கிறேன்.

புதுவாசகி:

எந்தப் பதிப்பு வாங்கலாம்? பொன்னியின் செல்வன் ஒரே புத்தகமாவும் வருது, அஞ்சு தனி நூலாவும் வருது. விலையில பெரிய வித்தியாசம்.

பழைய பைண்டு:

1999-இல் கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலை இறங்கியது நல்லது, மெய்ப்புத் திருத்தம் பார்க்காமல் வருவது கெட்டது. கடையில் நின்றபடியே பார்த்துவிடக் கூடிய சோதனைகள்:

பாகவாரியாக அத்தியாய எண்ணிக்கை: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. எந்தப் பாகத்திலாவது குறைந்தால் சுருக்கப் பதிப்பு, அல்லது விடுபட்டது. முதல் அத்தியாயம் ‘ஆடித் திருநாள்’, கடைசி அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’. அதற்கப்பால் ஆசிரியரின் முடிவுரை இருக்க வேண்டும். சில மலிவுப் பதிப்புகளில் முதலில் பறிபோவது இந்த முடிவுரைதான். அது இல்லாத பிரதியை வாங்காதீர்கள், காரணத்தை அரிசிலாறு சொல்வார்.

பக்க எண்ணைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக மடித்துத் தைப்பதால், ஒரு ஃபாரம் விடுபட்டால் 16 பக்கம் மொத்தமாகக் காணாது, அல்லது அதே 16 பக்கம் இரண்டுமுறை வரும். தடித்த ஒற்றைப் புத்தகத்தில் இது அதிகம் நடக்கும். தவிர, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் ஒட்டுப் பைண்டு என்றால் நடுவில் முதுகு பிளந்துவிடும். தையல் பைண்டா என்று முதுகுப்பக்கம் மேலிருந்து பார்த்தால் தெரியும்: மடிப்புகள் கொத்துக் கொத்தாக இருந்தால் தையல், தட்டையாக வெட்டி ஒட்டியிருந்தால் ஒட்டு. படுத்துக்கொண்டு படிப்பவர்கள் ஐந்து நூலாக வாங்குங்கள், மணிக்கட்டு பிழைக்கும்.

எழுத்துப்பிழையை அறிய எந்தப் பக்கத்தையும் திறந்து ழ, ள, ல மூன்றையும் பாருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தவறு கண்டால் புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கும். சந்தேகமான வரியை இணையத்தில் உள்ள மதுரைத் திட்டத்தின் மின்பிரதியோடு ஒப்பிடலாம். இலவசம், தேடல் வசதியும் கிடைக்கும். தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

ஓடக்காரப் பொன்னன்:

இதோடு ஒரு வம்சாவளித் தாளும் வேண்டும். பத்தே பெயர் போதும். முதலாம் பராந்தகர். அவர் மக்கள் ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர் மதுராந்தகரான உத்தம சோழர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அவருக்கு ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. மூத்தவர் கிளைக்கா, இளையவர் கிளைக்கா பட்டம் என்பதுதான் முழுச் சதியும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தால் கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்கும் அத்தியாயத்தில் தடுக்காமல் போகலாம். இல்லாவிட்டால் பலர் அங்கேயே குழம்பி, அடுத்த நூறு பக்கத்தை அரைகுறையாகக் கடக்கிறார்கள்.

அரிசிலாறு:

முடிவுரை விஷயம். முக்கியக் காதல் ஜோடி வந்தியத்தேவனும் குந்தவையும் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர்கள் கல்யாணம் நாவலுக்குள் நடக்கவே இல்லை. யார் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கல்கி முடிவுரையில்தான் தொகுத்துச் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தை யாருக்குக் கொடுத்தார்? மணிமேகலைக்கு. வந்தியத்தேவன் திரும்பிக்கூடக் காதலிக்காத ஒரு பெண், அவனுக்காகக் கொலைப்பழியை ஏற்க முன்வந்தவள், அவன் மடியில் உயிர்விடுகிறாள். மூன்றரை ஆண்டு காத்திருந்த வாசகர் கல்யாணச் சாப்பாட்டை எதிர்பார்த்திருப்பார். இது தொய்வில்லை, துணிச்சல். முடிவுரை இல்லாத பதிப்பில் இதைப் படிப்பவர் ‘நூலில் பக்கம் குறைகிறது’ என்று நினைக்கவும் இடமுண்டு.

கடல்புறா ரசிகன்:

துணிச்சலா, களைப்பா? ஐந்தாம் பாகம் 91 அத்தியாயம். முந்தைய இரண்டு பாகங்களைச் சேர்த்தால்கூட 92 தான். கதையை முடிக்கத் தெரியாமல் நீட்டியதுபோல் எனக்குப் படுகிறது. புயல், வெள்ளம், கொலை எல்லாம் நடந்து முடிந்தபிறகும் யார் யாருடைய பிள்ளை என்ற விசாரணை ஓடிக்கொண்டே இருக்கிறது. நந்தினி பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்கு யார்? முதலில் காதலி என்று நினைக்க வைக்கிறார். கடைசியில் பாதாளச் சிறையில் கிடந்த கருத்திருமன் வாய்வழியே மகள் என்று வருகிறது. முந்தைய பாகங்களைத் திரும்பப் படித்தால் பல வசனங்கள் நெருடுகின்றன.

அரிசிலாறு:

நெருடுவது உண்மை. அந்த இடத்தில் வாரத்தொடரைக் கேடயமாக நான் பிடிக்கப்போவதில்லை. ஆனால் ஒன்று: வீரபாண்டியனைக் காதலன் என்று அதிகம் நம்புவது கரிகாலன். பொறாமையில் வெட்டியவன் அவன். அந்த நம்பிக்கை தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு என்று தெரியவரும்போது அவன் உயிரோடு இல்லை. நந்தினி தரும் விளக்கமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அவள் உண்மை சொல்லும் பாத்திரமே இல்லை. கருத்திருமனும் சாட்சி சொல்லத் தகுந்த ஆள் அல்ல. ஆசிரியர் எந்தக் கூற்றுக்கும் தன் குரலில் முத்திரை போடவில்லை.

சேந்தன் அமுதன் விவகாரம்தான் எனக்கு அதைவிடப் பலவீனமாகப் படுகிறது. பூக்குடலை சுமந்தவன் திடீரென்று உத்தம சோழன். அதனால் பூங்குழலிக்கு அரியணை, வானதிக்கு ‘சிங்காதனம் ஏறமாட்டேன்’ என்ற சபதம். இரண்டு பெண்களின் காதலையும் ஒரே தராசில் வைத்துச் சமன்படுத்துகிறார், கணக்கு அளவுக்கு மீறிச் சரியாக வருகிறது.

கல்வெட்டுப் பித்தன்:

சேந்தன் அமுதன் மாற்றத்துக்குச் சரித்திர நிர்ப்பந்தம் இருக்கிறது. உத்தம சோழர் ஏறத்தாழ 15 ஆண்டு ஆண்டார், ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல்தான். அருள்மொழி ராஜ்யத்தை விரும்பவில்லை, சிற்றப்பன் ஆளட்டும் என்று விட்டார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. நாவலின் மதுராந்தகனோ பேராசைக்காரன், கோழை. அவனிடம் ராஜ்யத்தைக் கொடுத்தால் அது தியாகம் இல்லை, முட்டாள்தனம். ஆகவே பட்டத்தில் உட்காரும்முன் ஆளை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி விளக்கை அணைத்து இருட்டில் விட்டதும் இதே வகை. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை’க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களோடு உறவுடையவர்களின் நிலமும் மனையும் பறிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. ஏன் உத்தமர் காலத்தில் இந்த நடவடிக்கை இல்லை என்பதை வைத்து அவர்மேல் சந்தேகப்பட்டவர் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. கல்வெட்டு தரும் பெயர்களை நாவல் சதிகாரர்களாக்கிக்கொண்டது, கத்தி யார் கையில் என்பதை மட்டும் மூடி வைத்தது.

புதுவாசகி:

படம் பார்த்துட்டுப் படிச்சா சுவாரசியம் போயிடுமா?

நாற்சந்தி:

போகாது. 2022, 2023-இல் வந்த இரண்டு பாகப் படத்தில் மணிமேகலையே கிடையாது. அரிசிலாறு மேலே சொன்ன கடைசி அத்தியாயம் உங்களுக்குப் புதிதாகவே இருக்கும் (இந்த இழையைப் படிக்காமல் இருந்திருந்தால்). ஒன்றே ஒன்று, நடிகர் முகங்கள் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். நந்தினியின் முதிய கணவர் பெரிய பழுவேட்டரையரை நாவலில் ஒரு கிழச் சிங்கமாகவும், அதேசமயம் நந்தினியிடம் பரிதாபத்துக்குரியவராகவும் ஆக்கப் பல அத்தியாயங்கள் செலவாகின்றன. அந்தப் பகுதிகளை ‘இது தெரிந்ததுதானே’ என்று தாண்டாதீர்கள். ஐந்து பாகத்திலும் முதிய வயதுக் காதலைக் கேலியில் தொடங்கி மரியாதையில் கொண்டுபோய் நிறுத்தியது அவர் ஒருவரிடம்தான்.

பழைய பைண்டு:

வேகம் பற்றியும் சொல்லிவிடலாம். ஒரு நாளைக்கு ஐந்து அத்தியாயம் என்றால் 293-க்கு 59 நாள், ஏறத்தாழ இரண்டு மாதம். அதற்கு மேல் வேகம் எடுத்தால் ஆந்தைக் குரல், சுரங்கப்பாதை, இருட்டில் ஓர் உருவம் எல்லாம் இயந்திரம் போல வருவது தெரிய ஆரம்பிக்கும். கதைக்குள் ஓடும் காலம் ஓர் ஆண்டைத் தொடாது. அதை ஒரே வாரத்தில் விழுங்கினால் வந்தியத்தேவனுக்குத் தூங்கவே நேரமில்லை என்றுதான் தோன்றும். முதல் பாகத்தில் மட்டும் ஏழெட்டு அத்தியாயம் போனாலும் பரவாயில்லை, ஆட்கள் அறிமுகமாகி முடிய வேண்டும். மூன்றாம், நான்காம் பாகத்தை நிதானமாகப் படியுங்கள்.

கடல்புறா ரசிகன்:

நாளைக்கு ஐந்து சரி. கடல் புறாவுக்கு நான் மூன்று என்பேன், அரிசிலாறு சொன்ன திகட்டலுக்காக. மூன்று பாகம். வர்ணனைப் பத்தி வந்தால் தாண்டாமல் அதோடு அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கடற்போர் அத்தியாயங்களை மட்டும் சேர்த்துப் படிக்கலாம், அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும்.

புதுவாசகி:

பார்த்திபன் கனவு எடுத்துட்டேன். சிவனடியார் வந்தாச்சு. யாருன்னு இங்கேயே சொல்லிட்டீங்க எல்லாரும்.

ஓடக்காரப் பொன்னன்:

முதல் பதிவிலேயே ‘திரும்பிவிடுங்கள்’ என்று எழுதியிருந்ததம்மா. பரவாயில்லை, கபாலிகர் தலைவன் யார் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. அதுவரை இந்த இழைப் பக்கம் வராதீர்கள்.